பெயிண்ட் அடிக்குமுன் டிராக்டர் என்ஜின் பகுதியைத் தயார் செய்தல்

சம்பா அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் வயலில் நிற்கும் மாசி, பங்குனி மாதங்களில் டெல்டாப் பகுதி டிராக்டர்களுக்குச் சற்று ஓய்வு கிடைக்கிறது. மழை இல்லை. பனியும் குறைந்து வெயில் ஏறத் தொடங்குகிறது. துருப்பிடித்த இடங்களைச் சரி செய்து பெயிண்ட் அடிக்க ஏற்ற காலம் இதுவே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இவ்வேலையைச் செய்தால் பெயிண்டும் கூலியும் வீணாகும்.

பெயிண்ட் அடிக்க நினைக்கும் விவசாயிகளில் பலர் மட்கார்டு, பானெட் போன்ற வெளிப்பகுதிகளை மட்டும் கவனிக்கின்றனர். பானெட்டின் உட்புறம், பேட்டரித் தட்டு, ரேடியேட்டர் தாங்கி, என்ஜினின் பக்கவாட்டுப் பகுதிகள் ஆகியவை விடுபட்டுப் போகின்றன. சிலர் அங்கும் அடிக்கின்றனர். ஆனால் எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே அடித்து விடுகின்றனர். அப்படி அடித்த பெயிண்ட் சில வாரங்களில் செதில் செதிலாக உரிந்துவிடும். உரியாமல் நின்ற இடத்திலும், அடியில் துரு வளர்ந்துகொண்டே இருக்கும்.

என்ஜின் பகுதிக்குப் பெயிண்ட் அடிப்பதில் முக்கால் பங்கு வேலை பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இந்தச் சுத்தம் செய்யும் வேலையில் மற்றொரு நன்மையும் உண்டு. எண்ணெய்க் கசிவு, வெடித்த ஓஸ், தளர்ந்த போல்ட் முதலியவை அழுக்கு நீங்கிய பின்னரே கண்ணுக்குத் தெரியும். ஆகவே இதை அழகுக்காகச் செய்யும் வேலை என்று எண்ணாமல், வண்டியைச் சோதிக்கும் வேலை என்றே கொள்ள வேண்டும்.

அழுக்கினால் வரும் கேடுகள்

கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு செய்யும்போது தெறிக்கும் சேறு என்ஜின் இடுக்குகளில் தங்கி, ஈரத்தை நாட்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்கிறது. உரமூட்டைகள் ஏற்றும்போது பறக்கும் தூசும் இதனுடன் சேர்கிறது. பொட்டாஷ் உரம் உப்புத் தன்மை உள்ளதால், ஈரம் பட்டவுடன் இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் இதற்குத் துணை செய்கிறது.

அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசும் நெல் தூசும் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி மெத்தை போல் படிகின்றன. இந்த மெத்தை என்ஜினின் சூட்டை வெளியேற விடாது. ரேடியேட்டர் செதில்களுக்கு இடையே அடைத்துக்கொண்டால் தண்ணீர் கொதிக்கும். புகை வெளியேறும் மேனிபோல்டின் அருகே எண்ணெய் ஊறிய வைக்கோல் தூசு சேர்ந்திருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். களத்து மேட்டில் வண்டி எரிவதற்கு இது ஒரு காரணமாகும்.

முதலில் செய்ய வேண்டியவை

என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். மாலையில் வேலை முடித்து நிறுத்திய வண்டியை மறுநாள் காலையில் கழுவுவதே நல்லது. சூடான என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்புப் பகுதிகளில் வெடிப்பு ஏற்படக்கூடும். சூடான டீசல் பம்ப்பின் மேல் நீர் பட்டால் அதன் உறை சட்டென்று சுருங்கி, உள்ளே மிக நெருக்கமாகப் பொருந்தியுள்ள பாகங்கள் இறுகிப் போகலாம். பம்ப் பழுதானால், ஆகும் செலவு பெயிண்ட் செலவைப் போல் பல மடங்கு இருக்கும்.

அடுத்து, சாவியை எடுத்துவிட்டுப் பேட்டரியைக் கழற்ற வேண்டும். நெகட்டிவ் எர்த் உள்ள வண்டிகளில் நெகட்டிவ் வயரை முதலிலும், பாசிட்டிவ் வயரை அடுத்தும் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது பாசிட்டிவ் முதலிலும் நெகட்டிவ் கடைசியிலும் வரவேண்டும். இம்முறையில் செய்தால் ஸ்பேனர் தவறி இரும்பில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.

பிறகு கீழ்க்கண்ட இடங்களைப் பாலிதீன் பையால் சுற்றிக் கயிற்றால் கட்ட வேண்டும்:

1. ஏர் கிளீனரின் காற்று நுழையும் வாய்
2. என்ஜின் ஆயில் ஊற்றும் மூடி, அளவுக் குச்சி, பிரீதர் குழாய்
3. டீசல் டேங்க் மூடி
4. ஆல்டர்னேட்டர் அல்லது டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார்
5. டீசல் பம்ப்
6. புகைபோக்கியின் வாய்

காற்று நுழையும் வாயில் துணியைத் திணித்து அடைக்கலாகாது. எடுக்க மறந்துவிட்டால் அந்தத் துணி உள்ளே இழுக்கப்பட்டு என்ஜினுக்கே சேதம் வரும். எத்தனை இடங்களை மூடினோம் என்பதை ஒரு தாளில் குறித்து வைத்து, அத்தனையும் அவிழ்த்த பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும்.

2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் அமலில் உள்ளன. இதன்படி வந்துள்ள வண்டிகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் உணர்விகளும் இருக்கலாம். அத்தகைய வண்டிகளின் என்ஜின் பகுதியில் நீர் பீய்ச்சாமல், பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுவதே மேல்.

பிசுக்கை நீக்கும் முறை

முதலில் உலர்ந்த அழுக்கைச் சுரண்ட வேண்டும். காய்ந்த சேற்றையும் வைக்கோல் மெத்தையையும் மூங்கில் சிம்பாலோ பட்டிக் கத்தியாலோ எடுத்துவிட்டால், பிறகு டீசலும் நீரும் குறைவாகவே செலவாகும். அலுமினியப் பாகங்களையும் காஸ்கெட் விளிம்புகளையும் இரும்பால் சுரண்டக் கூடாது. மரத்துண்டே போதும்.

பிறகு டீசலையோ மண்ணெண்ணெயையோ பிரஷ்ஷில் தொட்டு, பிசுக்குள்ள இடங்களில் தடவிப் பத்து நிமிடம் ஊற விட வேண்டும். இடுக்குகளுக்குப் பழைய பல் பிரஷ் மிகவும் உதவும். ஊறிய அழுக்கைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து எடுக்க வேண்டும். விசிறி பெல்ட், ரப்பர் ஓஸ் ஆகியவற்றின் மேல் டீசல் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும். பட்டுவிட்டால் உடனே சோப்பு நீரால் கழுவித் துடைக்க வேண்டும்.

பெட்ரோலால் சுத்தம் செய்வது கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவிச் சென்று, தூரத்தில் உள்ள அடுப்பிலோ பீடி நெருப்பிலோ பற்றிக்கொண்டு திரும்பி வரும். டீசல் கொண்டு செய்யும்போதும் அருகில் நெருப்பு இருக்கலாகாது.

சிலர் காஸ்டிக் சோடாக் கரைசலைப் பயன்படுத்துகின்றனர். இது பிசுக்கை எளிதில் கரைக்கும் என்பது உண்மையே. ஆனால் அலுமினியத்தையும் அரித்துவிடும். அப்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். கையிலும் கண்ணிலும் பட்டால் கடுமையான புண் உண்டாகும். டிராக்டரில் பல உறைகளும் மூடிகளும் அலுமினியத்தால் ஆனவை என்பதால் காஸ்டிக் சோடாவைத் தவிர்க்க வேண்டும்.

டீசலால் துடைத்தபின் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் எஞ்சி நிற்கும். இதன் மேல் எந்தப் பெயிண்டும் ஒட்டாது. ஆகவே 10 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு பிடி சோப்புத் தூள் கலந்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நல்ல நீரை மெதுவாக விட்டு அலச வேண்டும். அழுத்தத்துடன் நீர் பீய்ச்சும் இயந்திரம் வைத்திருப்போர் ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்தில் பிடிக்க வேண்டும். வயர் இணைப்புகள், பேரிங், ஆயில் சீல் ஆகியவற்றின் மேல் நேராகப் பீய்ச்சக் கூடாது.

ரேடியேட்டர் செதில்களை விசிறிப் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் கழுவ வேண்டும். விசிறி முன்னிருந்து பின்னாகக் காற்றை இழுப்பதால் தூசும் அவ்வழியே வந்து அடைத்திருக்கும். வந்த வழியே திருப்பித் தள்ளினால்தான் அது வெளியேறும்.

கழுவிய அழுக்கு நீரை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ விடக்கூடாது. அடியில் ஒரு தகரத் தட்டையோ பழைய பாலிதீன் விரிப்பையோ போட்டு, வழியும் டீசலையும் எண்ணெயையும் பிடித்து டின்னில் சேர்த்துப் பட்டறையில் ஒப்படைக்கலாம்.

பேட்டரித் தட்டில் தனிக் கவனம்

என்ஜின் பகுதியில் முதலில் துருப்பிடிப்பது பேட்டரித் தட்டேயாகும். பேட்டரியிலிருந்து கசியும் அமிலம் இரும்பில் ஊறியிருக்கும்போது மேலே எத்தனை பூச்சுப் பெயிண்ட் அடித்தாலும் கொப்புளம் போட்டு உரியும். ஒரு லிட்டர் நீரில் 100 கிராம் ஆப்ப சோடாவைக் கரைத்துத் தட்டின் மேல் ஊற்ற வேண்டும். அமிலம் இருந்தால் நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கும்வரை இரண்டு மூன்று முறை ஊற்றி, பிறகு நீரால் அலச வேண்டும். பேட்டரியின் வெளிப்புறத்தையும் இவ்வாறே துடைக்கலாம். ஆனால் சோடாக் கரைசல் பேட்டரியின் அறைகளுக்குள் இறங்கலாகாது.

கசிவைக் கண்டுபிடித்தல்

கழுவி முடித்தபின் கட்டிய பைகளை எல்லாம் எண்ணி அவிழ்த்து, வண்டியை இரண்டு மணி நேரம் வெயிலில் உலர விட வேண்டும். பின்னர் சந்தேகப்படும் இணைப்புகளிலும் காஸ்கெட் விளிம்புகளிலும் முகப் பவுடரையோ சாக்கட்டித் தூளையோ மெல்லியதாகத் தூவி, பேட்டரியை மாட்டி, என்ஜினை 15 முதல் 20 நிமிடம் ஓட விட வேண்டும். நிறுத்திய பிறகு பார்த்தால், கசிவு உள்ள இடத்தில் வெள்ளைத் தூள் நனைந்து கறுத்திருக்கும். அழுக்கோடு இருந்தபோது எங்கிருந்து வருகிறது என்று தெரியாத எண்ணெய், இப்போது தான் கிளம்பும் இடத்தைத் தானே காட்டிவிடும்.

சிறு கசிவு என்று அலட்சியம் செய்வது தவறு. 10 வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிந்தால் ஒரு மணி நேரத்தில் 360 சொட்டுகள். 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று கொண்டால் இது 18 மில்லி லிட்டர். நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழைக்கும் வண்டியில் 7 நாட்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் மண்ணில் போய்விடுகிறது. எண்ணெய் குறைந்தது தெரியாமல் ஓட்டினால் பேரிங்குகள் உருகி, வண்டி உழவுப் பருவத்தின் நடுவே நின்றுவிடும். மண்ணில் ஈரம் இருக்கும் நாலு நாளில் வண்டி பட்டறையில் கிடந்தால், நட்டத்தைச் சிறு விவசாயி எளிதில் ஈடு செய்ய முடியாது.

ஆகவே கசிவுகளை நிறுத்தி, பழுதான காஸ்கெட், ஓஸ் ஆகியவற்றை மாற்றிய பிறகே அடுத்த வேலைக்குச் செல்ல வேண்டும். கசியும் இடத்தில் பெயிண்ட் நிற்காது. பேட்டரியை மீண்டும் கழற்றிவிட வேண்டும்.

துருவை நீக்குதல்

பிசுக்கை நீக்கிய பிறகே துருவைத் தேய்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. எண்ணெய் இருக்கும்போதே உப்புத்தாளால் தேய்த்தால், கீறல்களுக்குள் எண்ணெய் அழுந்திவிடும். பிறகு எவ்வளவு கழுவினாலும் முழுவதும் வெளிவராது.

கழற்றக்கூடிய பானெட், பக்கத் தகடுகள், பேட்டரித் தட்டு ஆகியவற்றைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்து வேலை செய்வது எளிது. செதிலாக நிற்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் நீக்கி, 80-ஆம் எண் உப்புத்தாளாலும் பிறகு 120-ஆம் எண் தாளாலும் தேய்க்க வேண்டும். பழைய பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தில் அதை முழுவதும் உரிக்கத் தேவையில்லை. பளபளப்பு மங்கும்படி 220-ஆம் எண் தாளால் தேய்த்தால் போதும். பழைய பெயிண்டும் வெறும் இரும்பும் சேரும் விளிம்பைப் படிப்படியாகச் சரிவாக்க வேண்டும். விளிம்பு மேடாக நின்றால் புதிய பூச்சு அங்கேதான் முதலில் வெடிக்கும்.

பழைய பெயிண்டுகளில் ஈயம் இருக்கக்கூடும். வீடுகளுக்குப் பயன்படும் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டுக்கும், இயந்திரங்களுக்கு அடித்த பெயிண்டுக்கும் இந்தக் காப்பு இல்லை. எனவே நீரில் நனைத்துத் தேய்க்கும் தாளைக் கொண்டு ஈரமாகவே தேய்க்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். குழந்தைகளை அருகில் விடாமல், கை கழுவிய பிறகே சாப்பிட வேண்டும்.

தண்ணீர்ச் சோதனை

இரும்பு உண்மையில் சுத்தமாகிவிட்டதா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. சிறிது நல்ல நீரை அதன் மேல் தெளிக்க வேண்டும். நீர் விரிந்து ஒரே படலமாகப் பரவினால் எண்ணெய் இல்லை என்று பொருள். சேம்பு இலையில் நிற்பது போல் முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் பிசுக்கு உள்ளது. மீண்டும் சோப்பு நீரால் கழுவ வேண்டும்.

சோதனை முடிந்ததும் நன்றாகத் துடைத்து வெயிலில் உலர்த்தி, அன்றைய தினமே அடிப்பூச்சு பூசிவிட வேண்டும். தேய்த்த இரும்பை ஒரு நாள் இரவு திறந்து வைத்தால் பனியில் மெல்லிய துரு மீண்டும் படிந்துவிடும். தேய்த்த இடத்தை வெறுங் கையால் தொடுவதையும் தவிர்க்க வேண்டும். கை வியர்வையின் உப்பே துருவுக்கு வித்தாகும்.

பெயிண்ட் படக்கூடாத இடங்கள்

என்ஜின் எண், சேஸிஸ் எண் பொறித்த இடங்களைப் பெயிண்டால் மூடக்கூடாது. பதிவு, காப்பீடு, விற்பனை ஆகிய மூன்றுக்கும் இந்த எண்கள் தேவை. அந்த இடத்தில் மட்டும் மெல்லியதாகக் கிரீஸ் தடவி வைத்தால், மேலே பட்ட பெயிண்டைப் பிறகு துடைத்துவிடலாம். கிரீஸ் பக்கத்து இரும்பில் பரவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எர்த் வயர் இணையும் இடம் வெறும் இரும்பாகவே இருக்க வேண்டும். அங்கு பெயிண்ட் பட்டால் மின்சாரம் தடைப்பட்டு ஸ்டார்ட்டர் சோர்ந்து சுற்றும். ரேடியேட்டர் செதில்களில் பெயிண்ட் தடித்தால் சூடு வெளியேறாது. பெல்ட், ஓஸ், வயர், கிரீஸ் நிப்பிள், பிரீதர் துளை, டீசல் மூடியின் காற்றுத் துளை ஆகியவற்றையும் செய்தித்தாளும் ஒட்டு நாடாவும் கொண்டு மறைத்துவிட வேண்டும்.

பதிவுச் சான்றிதழில் வண்டியின் நிறமும் குறிக்கப்படுகிறது. ஆகவே வேறு நிறத்துக்கு மாற்ற விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலில் கேட்டறிவது நல்லது.

அடிப்பூச்சும் பெயிண்டும்

வெறும் இரும்புக்கு ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு அவசியம். அது உலர்ந்தபின் சிந்தெடிக் எனாமல் இரண்டு மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சுகளே நீடிக்கும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் டப்பாவில் குறித்துள்ள இடைவெளி விட வேண்டும். ஒரு லிட்டர் எனாமல் ஒரு பூச்சாக ஏறத்தாழ 8 முதல் 10 சதுர மீட்டர் பரப்புக்கு வரும் என்பதால், என்ஜின் பகுதிக்கு மட்டும் ஒரு லிட்டரே தாராளம்.

எனாமலுக்கு டர்பன்டைன் கலக்க வேண்டும். என்.சி. பெயிண்டுக்கு என்.சி. தின்னர் கலக்க வேண்டும். பழைய எனாமலின் மேல் என்.சி. பெயிண்டை அடித்தால், அதன் தின்னர் அடிப்பூச்சைக் கிளப்பிச் சுருக்கம் விழச் செய்யும்.

புகை மேனிபோல்டும் சைலன்சரும் சில நூறு டிகிரி வரை சூடேறுபவை. இவற்றுக்கு எனாமல் அடித்தால் கருகிப் புகையும். வெப்பம் தாங்கும் அலுமினியப் பெயிண்டையே அடிக்க வேண்டும்.

காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் உள்ளபோது பெயிண்ட் அடிக்கலாகாது. காலையில் பனி உலர்ந்தபின், 9 மணி முதல் 11 மணி வரை, நாற்புறமும் திறந்த கொட்டகை நிழலில் அடிப்பது சிறந்தது. உச்சி வெயிலில் கை வைக்க முடியாதபடி சூடேறிய தகட்டில் அடித்தால் பெயிண்ட் பரவுமுன்பே காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும்.

பழைய டிராக்டர் வாங்குவோர் கவனத்திற்கு

விற்பனைக்கு வரும் பழைய டிராக்டர்களில் சிலவற்றை, விலை பேசுவதற்கு முன் அவசரமாகப் பெயிண்ட் அடித்து நிறுத்துவது உண்டு. பளபளப்பைக் கண்டு மயங்கலாகாது. ஓஸ்களிலும் வயர்களிலும் பெயிண்ட் சிதறியிருந்தாலும், போல்ட் இடுக்குகளில் அழுக்கின் மேலேயே பெயிண்ட் நின்றாலும், உள்ளதை மறைக்க அடித்தது என்று ஐயுற வேண்டும். நகத்தால் கீறிப் பார்த்தால் பிசுக்கோடு உரிந்து வரும். என்ஜினை அரை மணி நேரம் ஓட்டிச் சூடேற்றி, நிறுத்தி, அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து வைத்துப் பார்க்க வேண்டும். தாளில் விழும் சொட்டுகள் உண்மையைச் சொல்லிவிடும். கடன் வாங்கி வண்டி எடுக்கும் விவசாயி இந்த அரை மணி நேரத்தைச் செலவிடத் தயங்கக் கூடாது.

முறையாகச் செய்தால் இந்த வேலை மூன்று, நான்கு நாட்களில் முடியும். முதல் நாள் கழுவிக் கசிவு பார்த்தல், இரண்டாம் நாள் துரு நீக்கி அடிப்பூச்சு, அடுத்த நாட்களில் பெயிண்ட் என்று பிரித்துக்கொள்ளலாம். அதன்பின் ஒவ்வொரு சேற்றுழவு முடிந்ததும் என்ஜின் பகுதியில் படிந்த சேற்றை, வண்டி குளிர்ந்த பிறகு துடைத்து வந்தால், அடித்த பெயிண்டும் நிலைக்கும். புதிதாகத் தோன்றும் கசிவும் முதல் சொட்டிலேயே கண்ணில் படும்.